பேத்திக்கு ராக்காயி என்று பெயர் வைப்போம்

என் அம்மாயியின் பெயர் ராக்காயி. இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை, மீரியபெத்த பக்கத்துத் தோட்ட லயங்களில் அவர் வயதுப் பெண்கள் பேச்சாயி, காத்தாயி, ராக்காயி என்றுதான் இருந்தார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்ட காலத்தில் ஒரு ராக்காயிகூட வகுப்பில் இல்லை. பாதிப் பெயர்கள் 'ஷா'விலும் 'ஷினி'யிலும் முடிந்தன.

மதுரைச் சீமையிலிருந்து கடல் தாண்டி வந்த பெயர் அது. அழகர்மலை மேலே நூபுர கங்கையில் ராக்காயி அம்மன் கோயில் இருக்கிறது. அந்தத் தீர்த்தத்துக்குக் காவல் அவள்தான். கள்ளழகருக்குத் திருமஞ்சனமும் அந்தத் தண்ணீரில்தான். "ராவெல்லாம் முழிச்சிருந்து காக்குற ஆயி" என்று அம்மாயி பொருள் சொல்வார். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய காலத்தில் கங்காணி பின்னால் புறப்பட்ட சனம், கும்பிட்ட தெய்வத்தைப் பிள்ளைகளின் பெயராகவே இங்கே கொண்டுவந்தது.

இப்போது அது பட்டிக்காட்டுப் பெயராம். 'தளபதி' படத்தில் ராக்கம்மாவைக் கூப்பிடும் பாட்டு 1991இல் வந்தது. திருவிழாவுக்குத் திருவிழா அதைப் போட்டு ஆடுகிறோம், பிள்ளைக்கு வைக்க மட்டும் கூச்சப்படுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

கூச்சத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தமிழ் தெரியாதவர் காதில் விழுந்தபடி எழுதியதில் அம்மாயி அடையாள அட்டையில் 'ராகாய்', சேமலாப நிதி அட்டையில் 'ராக்கை', செக்ரோலில் வெறும் 'ராக்கு'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்த பிறகுதான், கொழுந்து பறித்துச் சேர்த்த காசு கைக்கு வந்தது. அந்த அலைச்சலைப் பார்த்த தாய்மார் வாயில் இலகுவாக நுழையும் பெயரைத் தேடினால் அது அவர்கள் குற்றமா?

2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்த லயங்களை மண் சரிந்து மூடியது. காணாமல் போனவர் தொகை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. தோட்டத்து மனிதரின் பெயர் ஒழுங்காகப் பதிவாகியிருப்பது எவ்வளவு முக்கியம் என்பது அன்று எனக்கு உறைத்தது.

தமிழ் 1987இலேயே அரசகரும மொழியாகிவிட்டது. ஆகவே பிறப்பைப் பதியப் போகிறவர்கள் பெயரைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். பதிவாளர் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அந்த மேசையில் உட்கார வைப்பது அரசாங்கத்தின் கடமை. பேத்திக்குப் புதுப் பெயரும் வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு ராக்காயியையும் சேர்த்துப் பதியுங்கள்.