மகளின் காளான் திட்டத்துக்குப் பணம் தரலாமா?

கேள்வி: “11-ம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளியில் செய்யச் சொன்ன தொழில்முனைவுத் திட்டத்துக்காகச் சிப்பிக்காளான் வளர்க்க 5,000 ரூபாய் கேட்கிறாள். படிப்பு கெட்டுவிடாதா? போட்ட பணம் திரும்புமா?”
- திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

பதில்: தாராளமாகத் தரலாம். ஆனால், 5,000 வேண்டாம். 500 ரூபாய் போதும். அதையும் கடனாகக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்றால்தான் கணக்கு எழுதும் பழக்கம் வரும்.

முதலில் 10 படுக்கைகள் போதும். ஒரு படுக்கைக்கு அரை கிலோ காய்ந்த வைக்கோல். ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பாலித்தீன் பையில் வைக்கோலும் வித்துமாக அடுக்க வேண்டும். கொதிநீர் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளவும். 15 முதல் 20 நாள்களில் பூசணம் வெள்ளையாகப் பரவிவிடும். 35 முதல் 45 நாள்களில் அறுவடை முடியும். ஆண்டுத்தேர்வு நேரத்தைத் தவிர்த்து, குளிர்ச்சியான கார்த்திகை, மார்கழியில் செய்தால் படிப்புக்கும் இடைஞ்சல் இல்லை, காளானுக்கும் நல்லது.

படுக்கை போடும் முன்பே வாங்குபவர்களைப் பிடிக்க வேண்டும். பறித்த காளான் வெளியில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அதனால் தெருவில் 20 வீடுகளில் கேட்டு, யார் எவ்வளவு வாங்குவார்கள் என்று மகளே நோட்டில் எழுதட்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. செலவு 400 ரூபாய், விளைச்சல் 4 கிலோ, விலை கிலோ 150 என்று வைத்துக்கொண்டால் வரவு 600, மிச்சம் 200. படுக்கை போட 6 மணி நேரம், தண்ணீர் தெளிக்க, பறிக்க, விற்க 14 மணி நேரம் என்றால், உழைப்புக்குக் கிடைத்த கூலி மணிக்கு 10 ரூபாய்தான். இந்தக் கணக்கு அவசியம் போடப்பட வேண்டும். நம் விவசாயத்தில் வீட்டு ஆள் கூலியை எழுதாமல் விடுவதால்தான் நஷ்டம் லாபம்போலத் தெரிகிறது. ‘படுக்கையைக் கூட்டினால் நேரமும் அதே அளவு கூடுமா? காளானை ஊறுகாயாக்கினால் விலை ஏறுமா?’ என்று மகள் யோசிக்கத் தொடங்கினால், திட்டம் ஜெயித்த மாதிரிதான்.

வழிகாட்டியாக, பக்கத்தில் காளான் வளர்க்கும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் வாரம் ஒருமுறை வந்து கேள்வி கேட்டால் போதும். வேலையை அவரே செய்து கொடுக்கக் கூடாது. பச்சைப்பூசணம் விழுந்தால் அந்தப் படுக்கையை உடனே அகற்றிவிட்டு, வைக்கோல் சரியாக வெந்ததா, கை சுத்தமாக இருந்ததா என்று மகளே காரணம் தேடட்டும். திட்டக் கூடாது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் காளான் குடிலுக்குள் போகாமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் முகக்கவசம் அணியலாம். பயிற்சிக்கும் தரமான வித்து கிடைக்கும் இடத்துக்கும் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகவும்.