மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: என்ன செய்யலாம்?

கொல்லிமலை செம்மேடு பக்கத்து விவசாயி ஒருவரின் கேள்வி இது. கிணற்றடியில் இருக்கும் 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோனோபிளாக் மோட்டார் மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்தது. இப்போது மிளகுக்கும் காப்பிக்கும் தண்ணீர் விட சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதே தவிர சுற்றவில்லை. கீழே கொண்டுபோய் காயில் கட்ட வேண்டுமா என்று கேட்கிறார்.

70 கொண்டை ஊசி வளைவிலும் மோட்டாரை இறக்கி ஏற்றுவது வண்டிக்கூலிக்கும் வேலைநாளுக்கும் கேடு. அதற்கு முன் சத்தத்தைக் கவனியுங்கள். பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

சத்தமே இல்லை: மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை. பியூஸ், மெயின் சுவிட்ச், ஒயர் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் இருந்தால் அதன் பாயின்ட்டுகளுக்கு நடுவே எறும்போ பல்லியோ சிக்கியிருக்கலாம். ரிலே விழுந்திருந்தால் ரீசெட் பட்டனை அழுத்துங்கள்.

உறுமல் மட்டும்: உடனே சுவிட்சை அணையுங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைப்போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். விட்டுவைத்தால் நல்ல காயிலும் கருகும். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

1. தண்டு இறுகியிருப்பது. மெயினை அணைத்து, பியூஸ் கட்டையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாத மோட்டாரில் இம்பெல்லர் துருவிலோ வண்டலிலோ ஒட்டியிருக்கும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பல நேரம் விடுபடும். மின்சாரம் இருக்கும்போது குச்சியால் தள்ளிவிடுவது கையைப் பறித்துவிடும்.

2. கண்டென்சர் போயிருப்பது. தண்டு தாராளமாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். உப்பியோ எண்ணெய் கசிந்தோ இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாமலும் கெடும். பழையதில் அச்சிட்டுள்ள அதே அளவில் புதியது வாங்குங்கள். மெயினை அணைத்த பிறகும் இதில் மின்சாரம் தங்கியிருக்கும். வயர்மேனே மாற்றட்டும்.

3. வோல்டேஜ் குறைவு. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், கிளம்பும் விசை ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். மீட்டரில் பார்த்து, வோல்டேஜ் ஏறும் நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

திரீ பேஸ் மோட்டார் உறுமினால் ஒரு பேஸ் வரவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

போட்டதும் பியூஸ் போகிறது, கருகிய வாடை வருகிறது: இதற்குத்தான் காயில் கடை. பியூஸுக்குப் பதில் தடித்த கம்பி கட்டாதீர்கள். உடம்பில் ஷாக் அடிக்கும் மோட்டாரை எர்த் சரிசெய்யும்வரை யாரும் தொடக்கூடாது. ஈரக்கை, வெறுங்கால் எப்போதும் ஆகாது.

மோட்டார் கிளம்பியதும் வேலை முடியவில்லை. பம்பில் தண்ணீர் நிரப்பித்தான் ஓட்ட வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் தேவையில்லை என்றாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். தண்டு இறுகாது, மலையிறங்கும் செலவும் மிச்சம்.