ராம்பூர்க் கத்தியும் நியாய விலையும்

பழைய மடக்குக் கத்தி ஒன்றை 500 ரூபாய்க்கு வாங்கிய வணிகர் அதையே 5,000 ரூபாய்க்கு விற்றால் அது வணிகமா, சுரண்டலா? சேகரிப்பாளர்களிடையே ஓயாது எழும் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டைச் சொல்லியே விடை தேடப்படுகிறது. இருபது விழுக்காடு இலாபம் நியாயம், நூறு பேராசை, தொள்ளாயிரம் கொள்ளை என்று கோடுகள் கிழிக்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கூடுதல் தொகை எதற்கான ஊதியம் என்று கேட்காதவரை, எந்த விழுக்காடும் நியாயத்தையோ அநியாயத்தையோ நிறுவிவிடாது.

இதை ஆராய ராம்பூர்க் கத்தியை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தியாவில் அரிது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில், ரோகில்லா நவாபுகளின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்த ராம்பூர், தன் பெயரையே ஒரு கத்திக்குக் கொடுத்த ஊர். ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் வரை நீண்ட அலகு, அதைத் திறக்கும்போது எழும் ‘கடகட’ ஒலி, இந்தித் திரைப்பட வில்லன்களின் கையில் பெற்ற புகழ் ஆகியவற்றால் அது நாடெங்கும் அறியப்பட்டது. 1990களில் நான்கரை அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகுகளுக்கு மாநில அரசு தடை விதித்தது. தொழில் தளர்ந்தது, கைவினைஞர் பலர் வேறு வேலைகளுக்குச் சென்றனர். 2023இல் அந்நகரச் சந்திப்பு ஒன்றில் இருபது அடி நீளக் கத்தி நினைவுச் சின்னமாக நிறுவப்பட்டது. கத்தியின் புகழ் வளர, அதைச் செய்யும் கைகள் குறைந்துவிட்டன. இந்த இடைவெளியில்தான் சேகரிப்பாளர் விலை உருவாகிறது.

நியாய விலை குறித்த பழைய சிந்தனைகள் இங்கே அதிகம் உதவுவதில்லை. உள்நாட்டுப் பொருளுக்கு ஐந்து விழுக்காடு, அயல்நாட்டுப் பொருளுக்குப் பத்து விழுக்காடு என்று வணிகரின் இலாபத்துக்கு அர்த்தசாஸ்திரம் வரம்பு கட்டியது. இன்றைய இந்திய நுகர்வோரோ உறையில் அச்சிடப்பட்ட அதிகபட்ச சில்லறை விலையை நியாயத்தின் எல்லையாகக் கொள்ளப் பழகியவர். இவ்விரு முறைகளும் ஒரே அனுமானத்தின் மீது நிற்கின்றன: பொருளை மீண்டும் செய்ய முடியும், அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட முடியும். செய்தவர் மறைந்துபோன ஒரு கத்திக்கு ஆக்கச் செலவு என்று எதைக் காட்டுவது? வணிகர் அதை வாங்கிய 500 ரூபாய்கூட அதன் செலவாகாது. அது முந்தைய உரிமையாளரின் அவசரத்தையோ அறியாமையையோ மட்டும் காட்டும் எண்ணாக இருக்கலாம்.

அப்படியானால் வணிகர் எதற்குக் கூடுதல் தொகை பெறுகிறார்? ஊர் ஊராகத் தேடியதற்கு, வாங்கிய பத்தில் விற்காமல் தேங்கிய ஏழுக்கு, துரு நீக்கியதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவுக்கு. அலகு தீட்டித் தீட்டித் தேய்ந்துள்ளதா, மூட்டில் ஆட்டம் உண்டா, விசைவில் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறதா, பிடியின் பித்தளைத் தகடு முதலில் இருந்ததா பின்னர் மாற்றப்பட்டதா, ஆணிகளின் தலை அண்மையில் அடிக்கப்பட்டதா என்பனவற்றைப் பார்த்தவுடன் சொல்லப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு.

அறிவின் விலை இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் தன் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளைப் பொறித்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்தது. எனவே அந்தப் பத்தாண்டில் உருவான கேஸ் கத்தியின் வயதைப் பள்ளி மாணவரும் எண்ணிச் சொல்லிவிடலாம். அங்கே வணிகரின் தனியறிவு குறுகியது. ராம்பூர்க் கத்திக்கு அத்தகைய பொதுவான ஆண்டுக்குறி முறை இல்லை. விற்பவரின் வாய்ச்சொல்லே சான்றிதழ். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய மகிழுந்துச் சந்தையை வைத்து விளக்கியது இதைத்தான்: தரம் விற்பவருக்கு மட்டுமே தெரியும் சந்தையில், வாங்குபவர் எல்லாவற்றையும் ஐயத்துடன் பார்த்துக் குறைந்த விலையே தர முன்வருவார்; நல்ல பொருளை வைத்திருப்பவர் விலகிக்கொள்வார்; மட்டமானது எஞ்சும்.

கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பனிப்புயலுக்கு மறுநாள் 15 டாலர் மண்வாரியை 20 டாலருக்கு விற்கும் கடைக்காரரின் செயல் நியாயமா என்று கேட்டபோது, பதிலளித்தவர்களில் 82 விழுக்காட்டினர் அநியாயம் என்றனர். பற்றாக்குறையைப் பயன்படுத்தி விலையேற்றுவதை மக்கள் ஏற்பதில்லை. ஆயினும் பனியில் சிக்கியவரின் மண்வாரியும் சேகரிப்பாளரின் கத்தியும் ஒன்றாகா. பழைய ராம்பூர்க் கத்தி கிடைக்காவிட்டால் எவருடைய வாசலும் அடைபடப் போவதில்லை. ஆசைக்கு வாங்கும் பொருளில் அருமைக்காகக் கேட்கப்படும் விலை எவ்வளவு உயர்ந்தாலும், வேண்டாம் என்று திரும்பிச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது. பொய் சொல்லப்படும்போதுதான் அந்த வழி அடைபடுகிறது.

நேற்றுச் செய்த கத்தியை அமிலத்தில் கறுக்கவைத்து, நூறாண்டுப் பழமையானது என்று விற்பது அத்தகைய பொய். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளைப் புதியதென்று காட்டுவதை நியாயமற்ற வணிக நடைமுறையாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. புதியதைப் பழையதென்று காட்டுவதை, தரத்தையும் வகையையும் பற்றிய பொய்க் கூற்று என்ற பொதுப் பிரிவின் கீழ்தான் கொண்டுவர வேண்டும்; மறுவிற்பனைக்காக வாங்கியவருக்கோ அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. மறுபுறம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்கள். அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. ஆகவே ‘நூறாண்டு’ என்று கூவும் வணிகரிடம் உரிமம் எங்கே என்று கேட்பதே முதல் சோதனை. கூற்று உண்மையானால் உரிமம் இருக்க வேண்டும். பொய்யானால் விலையும் பொய்.

இந்தப் பொய்யால் வாங்குபவர் மட்டும் ஏமாறுவதில்லை. கத்தியைச் செய்தவர் இன்னும் உயிரோடு பட்டறையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய உழைப்பு, பெயரறியாத ஒரு முன்னோரின் கணக்கில் எழுதப்படுகிறது. புதிய கத்திக்கான சில நூறு ரூபாய் அவருக்கு. ‘பழமை’க்கான பல ஆயிரம் இடையில் நிற்பவருக்கு. அவருடைய கைத்திறன் நூறாண்டுக்கு முந்தையதோடு வேறுபாடு தெரியாத அளவுக்கு நிகராக நின்றும், அந்தத் திறனுக்குச் சந்தையில் பெயரில்லை.

வாங்குபவரும் இந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டவரே. வணிகரின் பேராசையைச் சாடும் சேகரிப்பாளர், பழைய இரும்புக் கடையில் எடைக்கணக்கில் கிடைத்த அரிய கத்தியை வெற்றிக் கதையாகச் சொல்லித் திரிவதுண்டு. மறைந்த கைவினைஞரின் வீட்டாரிடமிருந்து, அதன் மதிப்பு தெரிந்தும் சொல்லாமல், ஐம்பது ரூபாய்க்கு வாங்கிவருவது எந்த வகையில் மேலானது? அறியாதவரின் அறியாமையை விலையாக்குவது தவறென்றால், அது விற்கும்போதும் வாங்கும்போதும் தவறே. தேடிக் கண்டறிந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. எதிரில் இருப்பவர் நேராகக் கேட்கும்போது மறைப்பதற்குப் பங்கு இல்லை.

எனவே சேகரிப்பாளர்கள் விழுக்காட்டுக்கு வரம்பு கட்டுவதை விட்டு மூன்று செய்திகளைக் கோருவது பயன்தரும். எந்தப் பகுதி முதலில் இருந்தது, எது மாற்றப்பட்டது. வயது குறித்த கூற்று எந்தச் சான்றின் மீது நிற்கிறது. கூற்று பொய்த்தால் பொருளைத் திருப்பித் தரலாமா. இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தரும் வணிகர் பத்து மடங்கு கேட்டாலும் அது இருவருக்கிடையிலான பேரம். தராதவரிடம் ஐந்து விழுக்காடும் அதிகம். இன்று ராம்பூரில் செய்யப்படும் ஒவ்வொரு கத்தியிலும் செய்தவரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஐம்பதாண்டு கழித்து அதை விலைபேசும் இருவரும், குறைந்தபட்சம் யாருடைய உழைப்புக்கு விலை பேசுகிறோம் என்பதை அறிந்திருப்பார்கள்.