பெயரும் பெறுமதியும்

பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகளைக் கழித்தவனுக்குத் தன் பெயரை அச்சில் காண்பது ஒரு பழக்கமாகிவிடுகின்றது. நானும் அப்பழக்கத்துக்கு அடிமைப்பட்டிருந்தேன். ஓய்வு பெற்று ஒரு மாதம் கழியுமுன்னரே தொலைபேசி அடிப்பது குறைந்துவிட்டது. ஊடக அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது உடலில் ஓர் அங்கத்தை இழந்தவன்போல் உணர்ந்தேன். யுத்த காலத்தில் கொழும்புச் சோதனைச் சாவடிகளில், “நீ யார்?” என்ற கேள்விக்கு என் சார்பில் பதில் சொன்னது அந்த அட்டைதான். அது போன பின்னர் அதே கேள்வியை நானே என்னிடம் கேட்கவேண்டியதாயிற்று.

அந்நாட்களில் எம் தொழிலின் முன்னோடிகள் சிலர் நினைவுக்கு வந்தனர். 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவர். பெயரைக் கேட்பவர் அமெரிக்கர் என்றே எண்ணுவர். இருவரும் தமிழர். மிஷன் பாடசாலை மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் விருப்பப்படி மாணவருக்குப் பெயர் சூட்டுவது அன்று வழக்கமாயிருந்தது. பின்னாளில் அப்பத்திரிகையின் ஆசிரியராயிருந்த சதாசிவம்பிள்ளையும் ஆர்னல்ட் என்ற பெயரைத் தாங்கியவரே.

கிறிஸ்தவம் தமிழனின் அடையாளத்தைப் பறித்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அதில் உண்மையே இல்லையென்று நான் வாதிடமாட்டேன். பணம் கொடுத்தவர் பெயர் வைத்தது அக்கால வழக்கம். அதனை விசுவாசத்தின் கட்டளையென்று கொள்ள இடமில்லை. ஆர்னல்ட் என்று அழைக்கப்பட்ட அந்த மனிதரே 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டுத் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழிலே தந்தார். பிறர் இட்ட பெயர் அவரை அவருடைய மொழியிலிருந்து பிரிக்கவில்லை.

அவ்வாறாயின் விசுவாசம் மனிதனுக்குத் தருவது யாது? யாத்திராகமத்தில் மோசே, இப்பணிக்கு நான் எம்மாத்திரம் என்று கடவுளிடம் கேட்கிறான். கடவுள் அவனுடைய தகுதிகளைப் பட்டியலிடவில்லை. தாம் அவனோடிருப்பதாக மட்டும் சொல்கிறார். இளமையில் இதனை நழுவலான பதிலென்று நினைத்ததுண்டு. இப்போது வேறு பதில் இருக்கமுடியாதென்றே தோன்றுகின்றது. தகுதியின் மேல் கட்டிய பெறுமதி தகுதியோடு போய்விடும். கூட இருப்பவரால் வரும் பெறுமதியை எந்த அலுவலகமும் திருப்பிக் கேட்கமுடியாது. கல்லறையருகே அழுதுநின்ற மகதலேனா மரியாளும், தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோதுதான் உயிர்த்தவரை அறிந்துகொண்டாள் என யோவான் எழுதுகிறார். அவளை அழைத்தது அவளுடைய சொந்தப் பெயரால்.

இதனை நம்புகிறவர்களுக்கு ஒரு கடன் உண்டு. எம் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களுக்குள்ளும் சாதி பார்த்து இருக்கை வகுத்த காலம் இருந்தது. பாய்களும் வாங்குகளும் ஒன்றாகிய பின்னரும், சம்பந்தம் பேசும்போது அக்கணக்கு மெல்லத் தலைநீட்டுகின்றது. கிறிஸ்துவின் முன் யூதனென்றும் கிரேக்கனென்றும் பேதமில்லை என்ற பவுலின் போதனையை ஞாயிறு காலை கேட்டுவிட்டு, மாலையில் மாப்பிள்ளையின் ஊரையும் பகுதியையும் விசாரிப்பவர், தமக்குக் கிடைத்த பெறுமதியைப் பிறனுக்கு மறுக்கிறார். அது தமக்கே அதனை மறுப்பதாகும்.

இன்றும் காலையில் பத்திரிகையை விரிக்கிறேன். என் பெயர் அதில் இல்லை. முன்போல் அதனைத் தேடுவதுமில்லை.