உயரத்தைக் கேட்காதீர்கள்

ரோலர் கோஸ்டர் என்றதும் பெரும்பாலோர் கேட்பது, "எத்தனை அடி உயரம்?" என்றுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிங்டா கா என்று ஒன்று இருந்தது. 456 அடி. 2005இல் திறந்தபோது உலகிலேயே அதுதான் மிக உயரமானது. 2025 பிப்ரவரியில் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதே வட்டாரத்தில், நியூயார்க்கின் புரூக்ளின் கடற்கரையில், கோனி ஐலண்டில், 85 அடி மட்டுமே உள்ள சைக்ளோன் நிற்கிறது. 1927 ஜூன் 26 அன்று முதல் பயணிகளை ஏற்றியது, இன்றும் ஏற்றுகிறது. எத்தனையோ கோஸ்டர்களில் ஏறி இறங்கிய பிரியர்கள், கடல் கடந்துகூட அதைத் தேடி வருகிறார்கள்.

இவர்கள் பயத்தைத் தேடி வருகிறார்கள் என்று நினைப்பது இயல்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பயம் இரண்டாம் முறையே பாதியாகிவிடும், பத்தாம் முறை இருக்கவே இருக்காது. ஒரே கோஸ்டரில் ஆயுள் முழுக்க ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அங்கே வேறு ஏதோ கிடைக்கிறது. அது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், உயரம் ஏன் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பதும் விளங்கும்.

முதலில் வேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். சைக்ளோனின் வேகம் மணிக்கு 60 மைல் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூட இயற்பியலே இதைச் சோதிக்கப் போதும். சங்கிலி உச்சிக்கு இழுத்து விட்டபின் கோஸ்டரை ஓட்ட எஞ்சின் எதுவும் இல்லை. விழுந்த உயரம்தான் வேகமாகிறது. 85 அடி விழுந்தால், உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கிடைப்பது மணிக்குச் சுமார் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். 60 மைல் வேண்டுமென்றால் 120 அடி விழ வேண்டும். ஆக, நெடுஞ்சாலையில் ஒரு கார் சாதாரணமாகப் போகும் வேகத்துக்கு மேல் அங்கே எதுவும் நடப்பதில்லை. இதைச் சொல்வதால் சைக்ளோனின் பெருமை குறையாது. இவ்வளவு குறைந்த வேகத்தில் இவ்வளவு செய்துகாட்டுவதுதான் அதன் பெருமை.

செய்வது என்ன? நம் எடையோடு விளையாடுகிறது. பூமி நம்மை இழுப்பதை நாம் நேரடியாக உணர்வதில்லை. நாற்காலியோ தரையோ நம்மைத் தாங்கி மேலே தள்ளுவதைத்தான் எடை என்று உணர்கிறோம். பெட்டி ஒரு பள்ளத்தின் அடியைத் தொட்டு மேலே திரும்பும்போது இருக்கை நம்மை வழக்கத்தைவிட அதிகமாகத் தள்ளுகிறது. கன்னமும் வயிறும் கனக்கின்றன. மேட்டின் உச்சியில் நடப்பது இதற்கு எதிர். அங்கே நம் உடல், எறிந்த கல் போகும் வளைகோட்டிலேயே போகப் பார்க்கும். தண்டவாளம் அந்த வளைகோட்டைவிடச் சட்டென்று கீழே திரும்பினால், பெட்டி நம்மைவிட முந்திக்கொண்டு இறங்கும். இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும். தொடை போய் மடிக்கம்பியில் முட்டும். இதைத்தான் கோஸ்டர் பிரியர்கள் ஏர்டைம் என்கிறார்கள். அரை நொடி, ஒரு நொடி, அவ்வளவே. அதற்காகத்தான் இந்த ஊர்சுற்றல் எல்லாம்.

ஏர்டைம் உயரத்தில் இல்லை, வளைவின் வடிவில் இருக்கிறது. முந்நூறு அடி உயரத்தில் மிக அகலமாக வளையும் மேடு மெல்ல மிதக்க வைக்கும். முப்பது அடியில் சடாரென்று வளையும் மேடு தூக்கி எறியும். சைக்ளோனில் 12 இறக்கங்கள். முதலாவது ஏறக்குறைய 58 பாகைச் சரிவு. மொத்தத் தண்டவாளம் 2,640 அடி, அதாவது அரை மைல். முழுப் பயணமும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடற்கரை மனை குறுகலானது, ஆகவே வெர்னன் கீனன் என்ற வடிவமைப்பாளர் தண்டவாளத்தைத் தன்மேல் தானே பலமுறை மடித்துப் போட்டார். ஒரு வளைவில் திரும்பினால் அடுத்த இறக்கம் காத்திருக்கிறது. மேலே ஓடும் தண்டவாளத்தின் அடியில் நுழையும்போது உத்திரங்கள் தலைக்கு மேல் பக்கத்திலேயே பறக்கின்றன. இடம் போதாமல் செய்த ஏற்பாடே பயணத்தின் சுவையாகிவிட்டது. நூறு ஏக்கர் இருந்திருந்தால் இந்தச் சைக்ளோன் பிறந்திருக்காது என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். உடம்பு மேலே போகப் பார்க்கிறதென்றால் பெட்டியும் அப்படித்தானே போகும்? போகும். பெட்டியைக் கீழே பிடித்து வைத்திருப்பது தண்டவாளத்தின் அடிப்பக்கத்தில் உருளும் சக்கரங்கள். மேலே எடை தாங்க ஒரு வகைச் சக்கரம், பக்கவாட்டில் திருப்ப ஒரு வகை, அடியில் கவ்விக்கொள்ள ஒரு வகை. இந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் செங்குத்தான இறக்கம் கட்டினால் பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். ஆகவே எல்லாம் மெதுவாக, சரிவு குறைவாகத்தான் இருந்தன. அடிச்சக்கரம் வந்த பிறகு கோனி ஐலண்டில் நடந்ததைப் பாருங்கள்: 1925இல் தண்டர்போல்ட், 1926இல் டோர்னடோ, 1927இல் சைக்ளோன். மூன்றும் அருகருகே. இந்தப் போட்டியில் இன்று மிஞ்சியிருப்பது சைக்ளோன் மட்டுமே. டோர்னடோ 1977இல் தீயில் போனது. தண்டர்போல்ட்டை 2000இல் இடித்தார்கள்.

உச்சிக்கு ஏறும்போது கேட்கும் அந்தக் கடகட சத்தமும் மில்லரோடு சம்பந்தப்பட்டதுதான். பலர் அதைக் கேட்டுத்தான் கம்பியை இறுகப் பிடிப்பார்கள். ஆனால் அது, சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருண்டுவிடாதபடி, பெட்டியின் அடியிலுள்ள கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தட்டி விழும் ஓசை. பாதுகாப்பின் ஓசை அது, அந்தக் கொக்கியும் மில்லரின் ஏற்பாடுதான்.

கோஸ்டர் ஏன் கடற்கரையில் வளர்ந்தது என்பதற்கும் கோனி ஐலண்டே பதில். 1884இல் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் அங்கே ஸ்விட்ச்பேக் ரயில்வே என்று ஒன்றைத் திறந்தார். கட்டணம் 5 சென்ட், வேகம் மணிக்கு 6 மைல். பயணிகள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, காட்சி பார்த்தபடி போனார்கள். அமெரிக்கக் கோஸ்டரின் தொடக்கம் அப்படி ஒரு சாந்தமான உல்லாசம். 1895இல் அங்கேயே ஃபிளிப் ஃபிளாப் என்ற தலைகீழ் வட்டம் வந்தது. சரியான வட்டமாகக் கட்டியதால் நுழையும் இடத்தில் கழுத்து நொந்தது. 1901இல் வந்த லூப் த லூப் நீள்வட்டமாகி அதைத் தணித்தது, ஆனால் ஒரு முறைக்கு நான்கு பேர்தான். ஏறியவர்களைவிட நின்று பார்த்தவர்களே அதிகம். பிறகு 1920இல் நகரின் சுரங்க ரயில் நேராகக் கடற்கரைக்கே வந்தது. 5 சென்ட் டிக்கெட்டில் தொழிலாளர் குடும்பங்கள் வெக்கையிலிருந்து தப்பி லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. ஜாக், இர்விங் ரோசந்தால் சகோதரர்கள் சைக்ளோனுக்குப் பணம் போட்டது அந்தக் கூட்டத்தை நம்பித்தான்.

இப்போது முக்கியமான சந்தேகத்துக்கு வருகிறேன். உப்புக் காற்றில் ஏறத்தாழ நூறு வருடம் நின்ற மரச் சாதனத்தில் ஏறலாமா?

முதலில், "மரக் கோஸ்டர்" என்பது தாங்கும் சட்டத்தை வைத்துச் சொல்வதல்ல, தண்டவாளத்தை வைத்துச் சொல்வது. சைக்ளோனின் தூண்களும் சட்டங்களும் எஃகு. அதன் மேல் பலகைகளை அடுக்கடுக்காகச் சேர்த்து இறுக்கி, உச்சியில் தட்டையான எஃகுப் பட்டை பதித்திருக்கிறார்கள். சக்கரம் அந்தப் பட்டையில் உருளுகிறது. மரம் சற்றே அமுங்கி நிமிர்வதால்தான் அந்த அதிர்வும் உறுமலும். பெட்டி கடக்கும்போது மரக் கோஸ்டர் கொஞ்சம் அசைவதைக் கண்டு மிரள்பவர்கள் உண்டு. அசைந்து விசையை வாங்கிக்கொள்ளும்படிதான் அதைக் கட்டுகிறார்கள்.

இரண்டாவது, 1927ஆம் ஆண்டுப் பலகை எதன் மேலும் நீங்கள் ஓடப்போவதில்லை. நம் ஊர்க் கோயில் தேரில் உளுத்த கட்டையை எடுத்துப் புதுக் கட்டை வைத்து, அச்சை மாற்றி, அதையே அதே தேராக வடம்பிடிப்பதைப் போலத்தான் இதுவும். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும் மாதங்களில் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். ஓட்டம் உள்ள நாட்களில், திறப்பதற்கு முன் ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்த போல்ட், வெடித்த பலகை, நகர்ந்த பட்டை என்று பார்க்கிறார்கள். கடலோரத்தில் இந்த வேலை இரட்டிப்பு: உப்பு இரும்பைத் தின்னும், மணல் எண்ணெயில் கலக்கும், பலத்த காற்று பெட்டியின் வேகத்தையே குறைத்துவிடும். காற்று அதிகமான நாளில் ஓட்டத்தை நிறுத்தினால் வருத்தப்பட வேண்டாம். நிறுத்தத் தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

2024 ஆகஸ்டில் சைக்ளோன் பயணத்தின் நடுவிலேயே நின்றது. சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தில் பழுது. ஏறியிருந்தவர்களை இறக்கி, மூடி, பழுதைச் சரிசெய்த பிறகே மறுபடி ஓட்டினார்கள். செய்திகளில் அது பயங்கரமாகத் தெரிந்தது. ஆனால் ஏற்றத்தில் நின்றுவிடுவது, அந்த இயந்திரம் கெட்டுப்போக வேண்டிய விதத்தில் கெட்டது என்பதற்கு அடையாளம். சைக்ளோனின் நீண்ட வரலாற்றில் உயிரிழப்புகளே இல்லை என்று சொல்ல முடியாது. ஓடும்போது எழுந்து நின்று மாண்டவர் உண்டு. உட்கார்ந்தே இருங்கள் என்ற எச்சரிக்கையைச் சடங்காக எண்ணக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து சைக்ளோனுக்கே வந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த நிலம் நகராட்சியின் கைக்கு வந்தபோது, பக்கத்து மீன் காட்சியகத்தை விரிவாக்கச் சைக்ளோனை இடித்துவிடும் யோசனை எழுந்தது. மக்கள் எதிர்த்தார்கள். 1975இல் அருகிலிருந்த ஆஸ்ட்ரோலேண்ட் பூங்கா குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டு ஓட்டியது. 1988இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது, 1991இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றது. இன்று லூனா பார்க் நடத்துகிறது. 1978இல் அமெரிக்கன் கோஸ்டர் எந்தூசியாஸ்ட்ஸ் என்ற சங்கம் உருவானதும் சைக்ளோன் இப்படி மீட்கப்பட்ட காலத்தில்தான். விளையாட்டுச் சாதனம் ஒன்றைக் கட்டடக் கலையாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெஸ்ட் எய்ட்த் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கினால் சர்ஃப் அவென்யூவில் எதிரிலேயே தெரியும். உடனே ஏறாதீர்கள். வெளியே நின்று ஒரு வண்டி முழுச் சுற்றும் போவதைக் கண்ணால் தொடருங்கள். நிலையத்தில் ஊழியர் ஆளுயர நெம்புகோலை இழுத்துக் கையாலேயே பிரேக் போடுவதைக் கவனியுங்கள். கணினி செய்யும் வேலையை மனிதர் செய்யும் காட்சி இனி அதிக இடங்களில் கிடைக்காது.

வண்டிக்கு மூன்று பெட்டி, பெட்டிக்கு நான்கு வரிசை, மொத்தம் 24 பேர். எங்கே உட்கார்வது என்பதே பாதிப் பயணம். முன் வரிசை உச்சியைத் தாண்டும்போது பின் பெட்டிகள் இன்னும் சங்கிலியில் இருக்கும். ஆகவே முன்னவர்கள் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கி, கடலைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். கடைசி வரிசை உச்சிக்கு வருவதற்குள் வண்டியின் பெரும்பகுதி விழத் தொடங்கியிருக்கும். அவர்களை உச்சியிலிருந்து பிடுங்கி இழுத்துப்போகும். முதல் இறக்கத்தின் ஏர்டைம் முழுவதும் கடைசி வரிசைக்காரர்களுக்கே. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் முதல், கடைசி வரிசைகள் சக்கரத்தின் மேல் வருவதால் அடி அதிகம். நடு வரிசைகள் மெத்தென்றிருக்கும். முதல்முறை ஏறுபவர் நடுப்பெட்டியின் நடுவரிசையில் தொடங்கலாம். உடம்பை விறைக்காமல், முதுகைச் சாய்த்து, தாடையை மூடிக்கொண்டால் குலுக்கல் பாதி குறையும். காலையைவிட மாலையில் ஏறுவது நல்லது: தாங்கிகளில் கிரீஸ் சூடேறி இளகியிருக்கும், வண்டி இன்னும் துடிப்பாக ஓடும்.

கோஸ்டர் பிரியர்களில் ஏறியவற்றை எண்ணிக் கணக்கு வைப்பவர்கள் பலர். தவறில்லை. ஆனால் ஒருமுறை ஏறி, கணக்கில் ஒன்று கூட்டி, அடுத்த பூங்காவுக்கு ஓடுவதற்குச் சைக்ளோன் பொருத்தமான இடமல்ல. குறைந்தது இரண்டு முறை, முன்னும் பின்னுமாக ஏற வேண்டும். அப்போதுதான் ஒரே தண்டவாளம் இரண்டு வேறு பயணங்களைத் தருவது புரியும்.

கழுத்து, முதுகு, இதயத் தொல்லை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் ஏற வேண்டாம். அவர்கள் இரண்டு தெரு தள்ளி, 1920 முதல் சுற்றும் 150 அடி வொண்டர் வீலில் ஏறலாம். அதன் 24 கூண்டுகளில் 16 தண்டவாளத்தில் முன்னும் பின்னும் சறுக்கும், 8 அசையாது. அசையாத கூண்டைக் கேட்டு வாங்குங்கள். மேலிருந்து சைக்ளோனின் மேடுகளும் மடிப்புகளும் அவற்றுக்கு அப்பால் கடலும் நன்றாகத் தெரியும்.