கவாத்துத் தேதியும் கூட்டுறவும்

ஏலமலைச் சரிவின் மேல் பங்குனி, சித்திரை மாதங்களில் கருமேகம் திரண்டால், அதனை நம் அங்கத்தினர்கள் எல்லோரும் ஒரே மனத்துடன் பார்ப்பதில்லை. போடிநாயக்கனூரில் குடியிருந்து மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், இந்த மழை வந்தால்தான் சரம் விடும், பூப் பிடிக்கும் என்று மகிழ்கிறார். 2024ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து ஏலச்செடிகள் காய்ந்து கருகியதை அவர் மறக்கவில்லை. தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவருக்கோ அதே மேகம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஏலத்துக்கு அமுதமாகும் மழை, பழுத்த திராட்சையை வெடிக்கச் செய்துவிடும்.

திராட்சை உழவருக்கு இளவேனில் என்பது உலகெங்கும் சோதனைக் காலந்தான். பிரான்சு தேசத்தில் 2021 ஏப்ரல் மாதத்தில் துளிர்விட்ட கொடிகள் உறைபனியில் கருகின. வரிசைக்கு வரிசை தீச்சட்டிகளும் பெரிய மெழுகுவத்திகளும் ஏற்றிவைத்து உழவர்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். வெப்பநிலை சுழிக்குக் கீழே இரண்டு பாகை இறங்கினாலே விரிந்த இளந்துளிர் மடியத் தொடங்கும். ஆகவே குளிர் நாடுகளில் பலர் கவாத்தைத் தாமதப்படுத்தி, மொட்டு விரிவதைச் சில நாட்கள் தள்ளிப்போடுகிறார்கள். இரவெல்லாம் தீ வளர்ப்பதற்குப் பெருஞ்செலவு உண்டு. கவாத்து நாளை மாற்றுவதற்குச் செலவில்லை.

நமக்கு உறைபனி இல்லை. ஆனால் கவாத்து நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களைவிட நமக்கே அதிகம். குளிர் நாட்டுக் கொடி தானே இலையுதிர்த்து உறங்கி, வேனிலில் விழிக்கும். நம் கொடிக்கு அத்தகைய உறக்கம் இல்லை. கவாத்துச் செய்த நாளே அதற்கு வருடப் பிறப்பு. பன்னீர்த் திராட்சை கவாத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடைக்கு வருகிறது. மார்கழியில் வெட்டினால் சித்திரையில் பழம். வைகாசியில் வெட்டினால் புரட்டாசியில் பழம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமையே. எனினும் அந்தக் குறியீடு மழையையும் தடுக்காது. ஒரே வாரத்தில் பழம் குவிவதையும் தடுக்காது.

தணிக்கையின் பொருட்டு நாம் செல்லும் ஊர்களில் காண்பது யாது? ஒருவர் கவாத்துத் தொடங்கினால் ஊரே தொடங்கிவிடுகிறது. வெட்டும் ஆட்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டுக் கூலி ஏறுகிறது. நான்கு மாதம் கழித்து எல்லாப் பந்தல்களும் ஒன்றாகப் பழுக்கின்றன. அவ்வேளை வானம் கறுத்தால், வியாபாரி அந்த வானத்தைக் காட்டியே விலை பேசுகிறார். முன்பணம் வாங்கியவருக்கு மறுத்துப் பேச வாயில்லை. ஏலக்காயை உலர்த்தி மூட்டை கட்டி அடுத்த ஏலத்திற்கு வைத்திருக்கலாம். நெய்த சேலையை மடித்து அலமாரியில் வைக்கலாம். நனைந்து வெடித்த பன்னீர்க் குலையை வைத்திருக்க இடமேது?

ஆகவே கவாத்துத் தேதியைத் தனிமனிதரின் காரியமாக விட்டுவிடாமல், சங்கத்தின் காரியமாகக் கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஓர் ஊரின் பந்தல்களை மூன்று பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு மூன்று வார இடைவெளி வைத்துக் கவாத்துச் செய்யலாம். இவ்வாறு செய்தால் ஒரு மழை ஊர் முழுவதன் மகசூலையும் அழிக்க முடியாது. சந்தையிலும் பழம் ஒரே நாளில் குவியாது. வெட்டும் ஆட்களும் முறைவைத்துக் கிடைப்பார்கள்.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் எழக்கூடும். முதலாவது, நோய் பற்றியது. ஒருவர் பந்தலில் முதிர்ந்த இலையும் அடுத்தவர் பந்தலில் இளந்துளிரும் இருந்தால், அடிச்சாம்பல் நோய் முதிர்ந்த இலையிலிருந்து துளிருக்குத் தாவும் என்பர். அது மெய்யே. அதனால்தான் பிரிவுகளைப் பெயர்ப் பட்டியலைக் கொண்டு வகுக்கக்கூடாது. நிலத்தைக் கொண்டு வகுக்க வேண்டும். அடுத்தடுத்த தோட்டங்கள் ஒரே பிரிவில் அமைந்து, ஒரே நாளில் வெட்டி, ஒரே நாளில் மருந்தடிக்க வேண்டும். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைச் சங்கமே மொத்தமாகத் தயாரித்து வழங்கினால், விலையும் குறையும், அளவும் பிசகாது.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் கடினமானது. மழைக்குள் அகப்படும் பிரிவு எனக்கு ஏன் என்று ஓர் அங்கத்தினர் கேட்டால், அவருக்கு நியாயமான விடை சொல்லியாக வேண்டும். பிரிவுகளின் வரிசை ஆண்டுதோறும் மாறிவர வேண்டும் என்பது விடையின் ஒரு பாதி. விற்ற பழத்தில் பெட்டிக்கு ஒரு சிறு தொகையைப் பிடித்துவைத்து, மழையால் நஷ்டப்பட்ட பிரிவுக்குப் பங்கிட்டு வழங்கும் நிதியொன்று வேண்டும் என்பது மறுபாதி. நிதி இல்லாமல் வரிசை மட்டும் வகுத்தால், முதல் மழையிலேயே கட்டுப்பாடு குலைந்துவிடும். வற்புறுத்தி எவரையும் நிறுத்தி வைக்கச் சங்கம் காவல் நிலையம் அன்று.

மகாராஷ்டிரத்தில் திராட்சை விளைவிப்போரின் கூட்டுறவுச் சங்கங்கள் பல 1991ஆம் ஆண்டில் ஒன்றுகூடி மகாகிரேப்ஸ் என்னும் அமைப்பை நிறுவி, குளிரூட்டும் அறைகள் கட்டி, அயல்நாடுகளுக்குப் பழம் அனுப்பின. நம் பன்னீர்த் திராட்சை அத்தனை தூரம் செல்லும் பழமன்று. அது நீண்ட நாள் தாங்காது. தாங்காத பழம் விளைவிக்கும் நமக்கு, விற்கும் நாளில் ஒன்றுகூடுவது மட்டும் போதாது. வெட்டும் நாளிலேயே ஒன்றுகூட வேண்டும்.

மார்கழிக் கவாத்துக்கு முன், கார்த்திகையிலேயே ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர் கூட்டத்தைக் கூட்டி, தோட்டங்களின் வரைபடத்தை நடுவில் விரித்து இதனை ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம். ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தாரையும் அக்கூட்டத்திற்கு அழைக்கலாம். முதல் ஆண்டு ஓர் ஊரில், ஒரு நூறு பந்தல்களிலேனும் செய்து பார்க்கட்டும். மழை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வரும்போது யார் யாருடைய பழம் பந்தலில் தொங்க வேண்டும் என்பதை நாமே பேசி முடிவு செய்யலாம்.