கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடா வாங்கறதா, நாமளே மாட்டறதா?

டாக்டருக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர் பேச்சுன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், டீயோட உக்காந்து படிங்க.

போன வாரம் கிளினிக்குக்கு ஒரு அப்பா வந்தார். சோமனூர் பக்கம் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு ஓட்டறவர். பிரஷர் மாத்திரை எழுதிக் குடுத்த பிறகும் எந்திரிக்கல. "டாக்டருங்க, ஒரு ரோசனை கேக்கோணும். பிளஸ் டூ முடிச்சா கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு பையனுக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க. இப்ப கேமிங் லேப்டாப்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான். ஒன்னேகால் லட்சமாம். மாசத் தவணையில தர்றாங்களாம். வாங்கிப் போடட்டுங்களா?"

போன வருஷம் மார்ச்சில கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர்ல விசைத்தறிக்காரங்க தறியை நிறுத்தினது ஞாபகம் இருக்கும். அந்த நஷ்டத்துல இருந்தே அவர் இன்னும் முழுசா எந்திரிக்கல. அதனால இது சும்மா விளையாட்டுச் சாமான் கேள்வி இல்லை. அந்த வீட்டுல நடமாடுற மொத்தக் காசும் இதுல இருக்கு. அவர்கிட்டச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதறேன். இதே கேள்வியைக் கேக்கற அப்பா அம்மா நிறையப் பேர்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பையன் வீட்டுல இருந்து படிக்கறான்னா லேப்டாப் வேண்டாம், டெஸ்க்டாப். அதுவும் பார்ட் பார்ட்டாப் பில் போட்டு வாங்கி, பையனே மாட்டட்டும்.

"அசெம்பிள் பண்ணினா பாதிக் காசு மிச்சம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2025 ஜூன்ல நானும் என் பையனும் சேர்ந்து ஒன்னு மாட்டினோம். ரைசன் 5 7600 பிராசஸர், 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு, 24 இன்ச் மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 1,03,500 ரூபாய். கார்டு மட்டுமே 31,500. அதே வாரம் அதே 5060 பேர் போட்ட லேப்டாப்புக்கு 1,10,000 சொன்னாங்க. ஆக மிச்சம் ஆறாயிரத்து ஐநூறு. இதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க முதுகு வலிக்க உக்காந்தோமான்னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

ஆனா முதல் பில்லை மட்டும் பாத்தா கணக்கு தப்பும். ரெண்டாவது பில்லைப் பாக்கணும்.

நம்ம ஊர்ல கிணத்து மோட்டார் நின்னா என்ன பண்றோம்? மோட்டாரைத் தூக்கியா போடறோம்? காயில் கட்டறோம், பேரிங் மாத்தறோம், திரும்ப இறக்கறோம். டெஸ்க்டாப்பும் அப்படித்தான். மூணு வருஷம் கழிச்சு புது கேம் திணறினா கார்டை மட்டும் மாத்தலாம். பழைய கார்டை வித்தா கொஞ்சம் காசும் வரும். ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் போர்டு வாங்கினா, 2027 வரைக்குமாவது அதே சாக்கெட்டுக்குப் புது பிராசஸர் வரும்னு அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கு. லேப்டாப்ல பிராசஸரும் கார்டும் போர்டோட சால்டர் ஆகி இருக்கும். பெரும்பாலான மாடல்ல ராமும் எஸ்எஸ்டியும் மட்டும்தான் மாத்த முடியும். வாரன்டி முடிஞ்சு போர்டு போச்சுன்னா ரிப்பேர் செலவைக் கேட்டுட்டு நீங்களே "புதுசே வாங்கிக்கலாம்"னு சொல்லுவீங்க. பொதுவா லேப்டாப்புக்கு வாரன்டி ஒரு வருஷம். தனியா வாங்கற கார்டுக்குப் பெரும்பாலும் மூணு வருஷம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அஞ்சு வருஷமும் அதுக்கு மேலயும் இருக்கு. ஒன்னு மட்டும் முக்கியம்: "பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி மிச்சம்"னு சொல்ற கடையில வாங்கிட்டு அப்புறம் வாரன்டி கேட்டுப் போகாதீங்க.

லேப்டாப்ல இன்னொரு கண்கட்டும் இருக்கு. கார்டு பேர் ஒன்னு, சரக்கு வேற. ஆர்டிஎக்ஸ் 4070 டெஸ்க்டாப்ல 12 ஜிபி மெமரி, லேப்டாப்ல 8 ஜிபி, உள்ள இருக்கற சிப்பே வேற. 5060 டெஸ்க்டாப்ல 145 வாட் இழுக்கும். அதே பேர் லேப்டாப்ல 45-ல இருந்து 100 வாட் வரைக்கும், தயாரிக்கற கம்பெனி எவ்வளவு விடுதோ அவ்வளவுதான். பாரசிட்டமால்ல 250-ம் இருக்கு, 650-ம் இருக்கு. நான் மில்லிகிராம் எழுதாம பேரை மட்டும் எழுதினா என்னைச் சும்மா விடுவீங்களா? லேப்டாப் கடையில மட்டும் ஏன் வாட் கேக்காம வர்றோம்?

அடுத்தது கடையில ரெடியா மாட்டி வச்சிருக்கற "கேமிங் பிசி பேக்கேஜ்". ஆஸ்பத்திரி ஹெல்த் செக்கப் பேக்கேஜ் மாதிரியேதான். கொட்டை எழுத்துல பிராசஸர் பேரும் கார்டு பேரும் இருக்கும். காசு குறைச்ச இடம் எங்கேன்னு எழுதியிருக்க மாட்டாங்க. தொண்ணூறு சதவீதம் அது எஸ்எம்பிஎஸ். இந்தத் தொண்ணூறு என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி எல்லாம் இல்லை.

இதுல நான் சூடுபட்டவன். கிளினிக் ஆரம்பிச்ச புதுசுல ஒரு கடையில அசெம்பிள் பண்ணின சிஸ்டம் வாங்கினேன். கேபினெட்டோட சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ். வெளியே 500 வாட்னு ஸ்டிக்கர், உள்ள தூக்கிப் பாத்தா வெறும் டப்பா மாதிரி எடை. ஒரு மழை நாள் கரண்டு போய்ப் போய் வந்துச்சு. டப்புனு ஒரு சத்தம், கருகின வாசம். அது மட்டும் போயிருந்தாப் பரவாயில்லை. போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிட்டுப் போயிருச்சு. பையன் முதல் முதலா நடந்த வீடியோ அந்த டிஸ்க்லதான் இருந்துச்சு. பேக்கப் எடுக்காதது என் தப்புங்கறதையும் ஒத்துக்கறேன்.

அந்த அப்பாகிட்ட இதை விளக்க ரொம்பச் சிரமப்படல. "மோட்டார் பெருசா வாங்கிட்டு ஸ்டார்ட்டர் மட்டும் மட்டமாப் போட்டா என்ன ஆகும்?"னு கேட்டேன். "காயில் கருகிப்போயிருமுங்க"ன்னார். அவ்வளவுதாங்க விஷயம். ஒரு நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நான் குடுத்தது 5,900. மட்டமானதுக்கும் இதுக்கும் நாலாயிரம் வித்தியாசம். மொத்த பில்லுல இந்த இடத்துல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. "80 பிளஸ்"னு முத்திரை இருந்தாலே தரம்னும் நினைக்காதீங்க. மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமப் பயன்படுத்துதுங்கறதுக்கான முத்திரை அது. வோல்டேஜ் ஏறினா இறங்கினா தாங்குமாங்கறது வேற கேள்வி. கூடவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயிண்ட்ல எர்த் இருக்கான்னு பாருங்க. மூணு ஓட்டை இருந்தா எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க. கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுன்னு சொல்ற பிள்ளைகளை நானே பாத்திருக்கேன். கேபினெட் இரும்புங்கறதை மறந்துடாதீங்க.

இப்போ டாக்டரா ரெண்டு வார்த்தை. மடியில லேப்டாப் வச்சு மாசக்கணக்குல கேம் ஆடினா, தொடையில வலை விரிச்ச மாதிரி பழுப்பாத் தழும்பு வரும். எரித்திமா அப் இக்னேன்னு பேர். அந்தக் காலத்துல கணப்புச் சட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தவங்களுக்கு வந்தது. 2010-ல சுவிட்சர்லாந்து டாக்டர்கள் 12 வயசுப் பையனுக்கு லேப்டாப்பால வந்ததை எழுதினாங்க. நம்ம பசங்க தொடையிலயும் பாக்கறேன். கழுத்து வலி தனிக் கதை: லேப்டாப்பை எந்த உயரத்துல வச்சாலும் கழுத்து சரியா இருந்தா கை சரியா இருக்காது. டெஸ்க்டாப்புக்கு மானிட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்திக்கலாம்.

இதை விடப் பெரிய காரணம் ஒன்னு இருக்கு. டெஸ்க்டாப் ஹால்ல உக்காந்திருக்கும். லேப்டாப் ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள போயிரும். கேமிங் டிஸார்டரை உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 நோய்ப் பட்டியல்லயே சேர்த்திருக்கு. அதுக்குத் தனி த்ரெட் எழுதறேன். கேம் ஆடறவன் எல்லாம் நோயாளி இல்லை, பயந்துடாதீங்க.

பையனே மாட்டணும்னு நான் சொல்றதுக்கு, அவன் கத்துக்கறதும் ஒரு காரணம். போன அக்டோபர்ல திறந்த அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேர் வச்சிருக்கோம். அவர் ஹோட்டல்ல வேலை பாத்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட மோட்டார் பைக்கை வாங்கி, அக்கு அக்காக் கழட்டித் திரும்ப மாட்டினவர். அப்படிப்பட்ட ஊர்ல இருந்துட்டு எட்டு ஸ்க்ரூவுக்குப் பயப்படலாமா?

நாங்க பண்ணின கூத்தையும் சொல்லிடறேன், உங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். முதல் தடவை ஆன் பண்ணினதும் ஸ்கிரீன் கருப்பா நின்னுச்சு. பையன் அழுகிற நிலைமைக்கே வந்துட்டான். ஏஎம்5 போர்டு முதல் தடவை ராமைச் சரிபார்க்க அஞ்சு பத்து நிமிஷம் கூட எடுத்துக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கேம் போட்டா நத்தை மாதிரி ஓடுது. பாத்தா மானிட்டர் வயரைக் கார்டுல சொருகாம போர்டுல சொருகியிருக்கேன். 31,500 ரூபாய் கார்டு சும்மா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கு! வயரை மாத்தின பிறகு, பயாஸ்ல போய் எக்ஸ்போ ஆன் பண்ணி ராம் வேகத்தைச் சரி பண்ணினோம். விண்டோஸ்ல மானிட்டரை 60 ஹெர்ட்ஸ்ல இருந்து ஏத்தினோம். இந்த ரெண்டையும் பண்ணாமலே வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க.

இப்போ கசப்பு மாத்திரை. மேல சொன்ன 2025 ஜூன் கணக்கு இன்னைக்கு ஓடாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிட்டுப் போகுது. உலகத்துல பெரும்பங்கு ராம் சிப் செய்யறது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே கம்பெனி. மைக்ரான் 2025 டிசம்பர்ல, க்ரூஷியல்ங்கற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கறதையே நிறுத்தறதா அறிவிச்சுருச்சு. நான் 8,900-க்கு வாங்கின அதே ராம் ஜோடி இப்ப மூணு மடங்குக்கு மேல. அதனால "எப்பவும் அசெம்பிள்தான் லாபம்"னு சத்தியம் பண்ண மாட்டேன். பழைய ஸ்டாக்ல இருக்கற ரெடிமேட் பிசி சில சமயம் நிஜமாவே சல்லிசாக் கிடைக்கும். கிடைச்சா வாங்குங்க, ஆனா எஸ்எம்பிஎஸ் மாடல் நம்பரை பில்லுல எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க.

அந்த அப்பாவுக்கு நான் சொன்னது தவணை முறைதான், ஆனா பேங்க் தவணை இல்லை. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொன்னாலும் பிராசஸிங் ஃபீஸும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் பில்லுல ஏறும். அதுக்குப் பதிலா முதல்ல நல்ல போர்டு, நல்ல எஸ்எம்பிஎஸ், ரைசன் 5 8600ஜி மாதிரி உள்ளேயே ஓரளவு கிராஃபிக்ஸ் இருக்கற பிராசஸர், 16 ஜிபி ராம். இதுலயே வேலரன்ட் மாதிரி கேம் நல்லா ஓடும், காலேஜ் வேலையும் ஓடும். தீபாவளிக்கோ அடுத்த வருஷமோ கையில காசு வரும்போது கார்டு. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கினா கடையிலயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னப்போ, ராத்திரி பகலா ஓடின கார்டுகள் கூட்டமா வெளியே வந்துச்சு. அதுல சிலது இன்னும் கை மாறிட்டு இருக்கு.

ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற பையனுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவனுக்கு லேப்டாப்தான். வாட் கேட்டு வாங்குங்க, மேஜையில வச்சு ஆடச் சொல்லுங்க.

நேத்து சாயங்காலம் அந்த அப்பா போன் பண்ணினார். காந்திபுரத்துல ரெண்டு கடையில விலை கேட்டுட்டாங்களாம். பையன் மொதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தானாம், இப்ப ராத்திரியெல்லாம் மாட்டற வீடியோ பாக்கறானாம். "எர்த் பாத்தேனுங்க, வீட்டுல இல்லவே இல்ல. நாளைக்கு ஆள் வர்றான், குழி தோண்டறோம். அந்த ஸ்டார்ட்டர் பேர் மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க, எழுதிக்கறேன்"னார்.

சொன்னேன். உங்களுக்கும் சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. பில் போட்ட பிறகு இல்லை, அதுக்கு முன்னாடி.